தண்ணீர் வருகிற பக்கம்

குடிநீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார்கள். முப்பத்தொரு வருஷம் குழாயோடும் மோட்டாரோடும் கவுன்சிலர்களோடும் கத்திக் கத்தித் தொண்டை போனவளிடம் நல்ல வார்த்தை கேட்டது அவர்கள் தப்பு. என்னிடம் இருப்பது நான் செய்த ஒரு மடத்தனம். அதைத்தான் எழுதியிருக்கிறேன். ஊர் பெயரைச் சொல்லப்போவதில்லை. பாபநாசத்தில் பஸ் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடும், அவ்வளவு போதும்.

எதிரோட்டம் என்றால் என்ன என்று உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் படம் போட்டிருக்கிறது. இருந்தாலும் என் பாணியில் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் தண்ணீர் நாள் முழுக்க வராது. காலையில் இரண்டு மணி நேரம் விடுவோம், நிறுத்துவோம். நிறுத்தியதும் தெருக் குழாய் காலியாகிவிடும். காலிக் குழாய் சும்மா கிடக்காது. எந்த வீட்டிலாவது குழாயின் வாய் தொட்டித் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் அங்கிருந்து இழுத்துக்கொள்ளும். போதாததற்கு வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். இப்படியாக ஒரு வீட்டுத் தொட்டியில் நேற்றுக் கிடந்தது இன்று இன்னொரு வீட்டுச் சாம்பாரில் வந்து சேர்கிறது.

இதைத் தடுக்க ஒரு கார்த்திகை மாதத்தில் உத்தரவு வந்தது. சொந்தமாக போர் போட்டுக்கொண்டு நகராட்சி இணைப்பும் வைத்திருக்கிற பெரிய இடங்களில், அதாவது கல்யாண மண்டபம், லாட்ஜ், ரைஸ் மில் போன்றவற்றில், உள்ளே போன தண்ணீர் வெளியே திரும்பாமல் இருக்க ஒரு வால்வு போட வேண்டும். அதன் பெயர் நான்-ரிட்டர்ன் வால்வு. கோளாறு பெயரிலேயே தொடங்கிவிட்டது. எங்கள் ஃபிட்டர்கள் யாருக்கும் அந்த ‘நான்’ பிடிக்கவில்லை. கடையில் போய் ‘நான் ரிட்டன் வால்வு’ என்று கேட்டால், ‘நீ ஏன்யா ரிட்டன் ஆகுறே, இருந்து வாங்கிட்டுப் போ’ என்று கிண்டல். ஆகவே ‘நான்’ போய் வெறும் ரிட்டன் வால்வு ஆனது. அர்த்தம் தலைகீழாகப் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. கோப்பெல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்பதால் ஸ்டோர் கிளார்க் பதிவேட்டில் ‘திரும்பும் வால்வு, இருபத்துமூன்று எண்ணம்’ என்று முத்து முத்தாக எழுதினார். அதைப் படித்துப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்ட அதிகாரி நான்தான்.

வால்வைப் பொருத்தியவர் தங்கராசு. பதினோரு வருஷமாகத் தினக்கூலி ஃபிட்டர். மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்பது எங்கள் வரைபடத்தைவிட அவருடைய காலுக்கு நன்றாகத் தெரியும். பேச்சு குறைவு. சொன்னதைச் சொன்னபடி செய்வார், அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டார். எனக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது. அந்த வருஷம் நிரந்தரமாக்கச் சொல்லி மேலே அனுப்ப வேண்டிய பட்டியலில் அவர் பெயர்தான் முதலில் இருந்தது. ஆணையர் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மகளை நர்ஸிங் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அந்தக் காகிதம் வந்த பிறகுதான் முடிவு செய்ய முடியும் என்று ஒரு நாள் சொன்னார். பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

வால்வின் உடம்பில் ஒரு அம்புக்குறி இருக்கும். தண்ணீர் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் அம்பு இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் உள்ளே வர வேண்டியதைத் தடுத்துவிட்டு வெளியே வரக்கூடாததை வரவேற்கும். இருபத்திரண்டு இடத்தில் நானே குழியோரம் நின்று, ‘இப்படி’ என்று கையைக் காட்டினேன், அவர் மாட்டினார். குழாய் இடத்துக்கு இடம் வேறு வேறு திசையில் வந்ததால் அவர் என் கையை மட்டுமே பார்த்தார், ஏன் அப்படி என்று நான் சொன்னதுமில்லை. இருபத்துமூன்றாவது இடம் சந்தைத் தெருவின் மேட்டு முனையில் இருந்த கலியமூர்த்தியின் ரைஸ் மில். புழுங்கலுக்கு நெல் ஊற வைத்து அவிக்கிற மில். கலியமூர்த்தி என்னை வெயிலில் நிற்க விடவில்லை. உள்ளே கூட்டிப்போய் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்து, சூடாகப் பக்கோடாவும் காபியும் வரவழைத்தார். மறுத்தால் அவர் மனசு கஷ்டப்படும் என்று நான் உட்கார்ந்தேன். பக்கோடா நன்றாகவே இருந்தது.

வாசலில் குழிக்குள்ளிருந்து தங்கராசு குரல் கொடுத்தார்.

“மேடம், அம்பு எந்தப் பக்கம்?”

“தண்ணி வர்ற பக்கம்,” என்றேன். கையில் பக்கோடா இருந்தது. கையைக் காட்டியிருந்தாலும் அங்கிருந்து அவருக்குத் தெரிந்திருக்காது.

வால்வு போட்டபின் ஒரு சோதனை உண்டு. உள்ளே தொட்டியை நிரப்பிவிட்டு, தெருப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். தொட்டித் தண்ணீர் திரும்பி வந்தால் வால்வு சரியில்லை. அன்று மில் தொட்டி காலி. அறுவடை வரைக்கும் வேலை மந்தம் என்றார் கலியமூர்த்தி. தொட்டி நிரம்ப ஒரு மணி நேரமாவது ஆகும். நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, பதிவேட்டில் மட்டும் இன்றைக்கே ‘சோதிக்கப்பட்டது, சரி’ என்று எழுதினேன். அந்த நாளை வரவே இல்லை. இருபத்துமூன்று வால்வும் முடிந்தது என்று கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள், அது மட்டும் வந்தது.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று நாங்கள் நினைத்தோம். சந்தைத் தெருவில் ஒருவர் மட்டும் வந்து குடிதண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றார். மற்றவர்கள் யாரும் சொல்லாததால், உங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கப்போகிறது, டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். போய்ப் பார்த்தார். ரத்தக்கொதிப்பு இருந்தது. அதிலிருந்து என்னை எங்கே பார்த்தாலும் கும்பிட ஆரம்பித்துவிட்டார்.

மாசி பிறந்து சம்பா அறுவடை முடிந்து மில்லுக்கு நெல் வரத் தொடங்கிய வாரம், ஜெயமணி ஒரு எவர்சில்வர் குடத்தோடு என் மேஜைக்கு வந்தார். சந்தைத் தெருவின் பள்ளத்து முனையில் வீடு. ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே சாகுபடி செய்கிறவர். குடத்தை என் கோப்புகளின் மேல் வைத்து, மோந்து பாருங்கள் என்றார்.

மோந்தேன். எங்கள் அம்மா நடவு நட்டுக் கூலியை நெல்லாக வாங்கிவந்து வீட்டிலேயே அவித்தவர். நெல் ஊறின தண்ணீரின் வாசம் எனக்குத் தெரியாதா? மூக்கு அந்த நொடியே சொல்லிவிட்டது. ஆனால் நம் உத்தியோகத்தில் மூக்குக்கும் வாய்க்கும் இணைப்பு கிடையாது. தண்ணீர் பற்றி எந்தப் புகார் வந்தாலும் சொல்வதற்கென்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம்.

“குளோரின் கொஞ்சம் தூக்கலா இருக்கும்க்கா,” என்றேன்.

ஜெயமணி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பதரை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளே அரிசியில்லாத ஒற்றை நெல். காலையில் அவர் டம்ளரில் மிதந்ததாம்.

“குளோரின் போட்டா நெல்லு காய்க்குமாங்க?” என்று கேட்டார்.

நெல் விளைகிற நம் ஊர் அலுவலகத்தில் ஒரு நெல்லைக் கொண்டுவந்து போட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அத்தனை பேரும் எழுந்து வந்துவிட்டார்கள். வாட்ச்மேன் பதரைக் கையில் வாங்கிப் பார்த்து பொன்னி என்றார். ஸ்டோர் கிளார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, பொன்னி இவ்வளவு மொத்தமாக இருக்குமா, இது சி.ஆர். என்றார். சி.ஆர். என்பது இட்லிக்குப் போடுகிற மோட்டா ரகம். பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்த ஒருவர் தன் சான்றிதழை மறந்துவிட்டு, நிறத்தைப் பார்த்தால் போன வருஷத்து நெல் மாதிரி இருக்கிறது என்றார். இந்த வருஷத்து நெல்தான் என்று ஜெயமணி அடித்துச் சொன்னார். குடிதண்ணீரில் நெல் எப்படி வந்தது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. ஜெயமணியின் வருத்தம் வேறு. பச்சரிசி வடித்தாலும் சோறு புழுங்கலரிசியாக மணக்கிறதாம். ஏன் அரிசியை மாற்றினாய் என்று வீட்டுக்காரர் மூன்று நாளாகத் தட்டைத் தள்ளுகிறாராம்.

சத்தம் கேட்டு ஆணையர் வெளியே வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தங்கமான மனுஷர், ஆனால் அவருக்குச் சோளம் தெரியும், தென்னை தெரியும், நெல் தெரியாது. பொன்னியா சி.ஆரா என்கிற விவாதத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தெருவில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று ஜெயமணியிடம் கேட்டார். இரண்டு பிள்ளைகளுக்கு முந்தின நாளிலிருந்து வயிற்றுப்போக்கு என்றார் ஜெயமணி. அதோடு அலுவலகத்தில் நெல் பேச்சு நின்றது. சந்தைத் தெருவுக்குச் சப்ளையை நிறுத்தச் சொல்லி, லாரியில் தண்ணீர் அனுப்ப ஏற்பாடு செய்து, பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வர ஆள் அனுப்பினார். இரண்டும் நாலு நாளில் தேறிவிட்டன. அதற்கப்புறம் ஆணையர் என்னைப் பார்த்தார்.

இது எப்படி நடந்திருக்கும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ‘போன வாரம் வாய்க்காலோரம் மெயின் பைப் உடைஞ்சதுங்க சார். தங்கராசுதான் அடைச்சாரு. ஜாயிண்ட்ல ஏதாவது விட்டுப்போயிருந்தா வாய்க்கால் தண்ணி உள்ளே போயிருக்கலாம்’ என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மைதான். உடைந்தது உண்மை, அடைத்தவர் தங்கராசு என்பதும் உண்மை. ஆனால் ஒருவர் பெயரை எந்த நேரத்தில் சொல்கிறோம் என்பதில்தான் அயோக்கியத்தனம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று கேட்டுக் கொதித்துப்போயிருந்த மனுஷரிடம் நான் ஒரு பெயரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆணையர் நிதானமாகத்தான் பேசினார். மூன்று நாளில் காரணம் தெரிய வேண்டும். கவனக்குறைவு என்று தெரிந்தால் தங்கராசு பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதோடு வேலையிலிருந்தும் நிறுத்திவிடப்போவதாகச் சொன்னார். தினக்கூலி ஆளை நிறுத்த ஒரு விசாரணையும் வேண்டியதில்லை. நாளைக்கு வர வேண்டாம் என்றால் முடிந்தது. தங்கராசு கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஜாயிண்ட் சரியாகத்தான் இருக்கிறது என்று என்னிடம் ஒரே ஒரு முறை சொன்னார். எதற்கும் தோண்டிப் பார்த்துவிடலாம் என்றேன் நான். ‘எதற்கும்’ என்று அதிகாரி சொன்னால் தோண்டுகிறவருக்கு ஒன்றரை நாள் வேலை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்க்கால் கரைச் சேற்றில் இடுப்பளவு இறங்கித் தோண்டினார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று யோசனை சொன்னார்கள். ஒருவர் கைபேசியில் படம் எடுத்து, ‘நகராட்சி நெல் தேடுகிறது’ என்று எழுதி வாட்ஸ்அப்பில் போட்டார். ஜாயிண்ட் வெளியே தெரிந்தபோது ஈரக்கசிவுகூட இல்லை. தங்கராசு அதைக் கையால் துடைத்துக் காட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் மறுபடியும் மண்ணைத் தள்ளி மூடினார். எனக்கு நிம்மதியாக இருக்க வேண்டியது. ஆனால் அங்கே இல்லையென்றால் வேறெங்கே என்ற கேள்வி இனி என் பக்கம் வரப்போகிறது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெயமணி மறுபடியும் வந்தார். இந்த முறை அவர் கையில் ஏழெட்டுப் பதர். சப்ளை நிற்பதற்கு முன் பிடித்துவைத்த தண்ணீரைத் தெருவே டம்ளர் டம்ளராக வடிகட்டிச் சேர்த்துக் கொடுத்ததாம். எல்லாம் சி.ஆர். தான் என்று வாட்ச்மேன்கூட ஒப்புக்கொண்டுவிட்டார். இந்த ஊரில் இப்போது சி.ஆர். ஊற வைத்திருப்பது கலியமூர்த்தி மில் ஒன்றுதான், மற்ற இரண்டு மில்லிலும் பொன்னி என்று ஜெயமணி சொன்னார். வழியில் அவரே இரண்டு மில்லுக்கும் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். எங்கள் துறை இரண்டு நாளாகச் சேற்றில் தேடியதை அவர் நடந்துபோய்க் கேட்டே முடித்துவிட்டார்.

அப்போதும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? அங்கே வால்வு போட்டிருக்கிறோம், சோதித்தாயிற்று, சரியாக இருக்கிறது என்றேன். சந்தேகத்துக்குப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ‘சோதிக்கப்பட்டது, சரி’ என்று இருந்தது. பாருங்கள் என்று ஜெயமணியிடமே காட்டினேன். நான் எழுதிய பொய்யை நானே ஆதாரமாகக் காட்டினேன். அதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லாமல் இருந்ததுதான் இன்றைக்கும் நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஜெயமணி போன பிறகு என்னைத் திருப்பியது புகார்ப் பதிவேடு. சந்தைத் தெருவில் வேறு யாருக்கு என்ன குறை என்று பார்க்கத்தான் புரட்டினேன். போன வருஷம் முழுக்க வாரத்துக்கு ஒரு முறை ஒரே புகார்: மில்லுக்குத் தண்ணீர் போதவில்லை. எழுதியவர் கலியமூர்த்தி. மார்கழி இரண்டாவது வாரத்தோடு அவருடைய புகார் நின்றுபோயிருந்தது. அதற்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. வாராவாரம் நம்மைத் திட்டுகிற மனுஷர் இரண்டு மாதமாகத் திட்டவில்லை. பிள்ளைகளே, புகார் வந்தால் எரிச்சல்படுங்கள், தப்பில்லை. புகார் கொடுத்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தினால் அன்று சாப்பாடு இறங்கக் கூடாது. எனக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆணையர், நான், தங்கராசு மூவரும் மில்லுக்குப் போனோம். ஜெயமணி வந்தார். அவர் வந்ததால் பாதித் தெருவும் வந்தது. கலியமூர்த்தி வாசலுக்கு வந்து எல்லாருக்கும் காபி சொல்லலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று நான் சொன்ன வேகத்தில் ஆணையரே திரும்பிப் பார்த்தார். நகராட்சித் தண்ணீர் எப்படி வருகிறது என்று கலியமூர்த்தியிடம் கேட்டேன்.

“வரவே இல்லைங்களே,” என்றார். “ரெண்டு மாசமா சொட்டு இல்ல.”

ஏன் புகார் எழுதவில்லை என்று ஆணையர் கேட்டார்.

“குறைச்சலா வந்தா குறைச்சல்னு எழுதலாம். வரவே இல்லன்னா நிறுத்திட்டாங்கன்னு அர்த்தம். இந்த ஊர்லயே பொறந்தவன் சார் நான், இதுக்கெல்லாம் ஆச்சரியப்படுவேனா?” என்றார்.

போரில் வருகிற உப்புத் தண்ணீரை வைத்துச் சமாளிக்கிறாராம். ஆனால் புது மாதிரியாக ஒரு தொல்லை. ஊறல் தொட்டியில் சாயங்காலம் நிரப்புகிற தண்ணீர் காலையில் ஒரு முழம் இறங்கிவிடுகிறது. தொட்டி ஒழுகுகிறது என்று இரண்டு தடவை சிமென்ட் பூசிவிட்டார். கொத்தனாரோடு பேச்சுவார்த்தையும் நின்றுபோய்விட்டது. அவர் சொல்லச் சொல்ல ஜெயமணியின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அந்த ஒரு முழத் தண்ணீர் எங்கே போனது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மேலிருந்து கொட்டினால் நெல் சிதறுகிறது என்று நகராட்சிக் குழாயைத் தொட்டியின் அடிவரைக்கும் இறக்கிவைத்திருந்ததையும் கலியமூர்த்தி பெருமையாகக் காட்டினார். குழாய் வாய்க்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சாண் காற்று இருந்திருந்தால் என் பிழைகூட யாரையும் தொட்டிருக்காது.

தங்கராசு வாசல் குழியின் மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே இறங்கினார். துணியால் வால்வைத் துடைத்தார். அம்பு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆணையர் குனிந்து பார்த்தார். அவருக்கு நெல் தெரியாவிட்டாலும் அம்பு தெரியும்.

“ஏனுங்க, இதை மாட்டுனது யாருங்க?” என்று கேட்டார்.

“நான்தான் சார்,” என்றார் தங்கராசு.

அவ்வளவுதான் சொன்னார். மேடம் சொன்னபடி மாட்டினேன் என்று சொல்லவில்லை. குழிக்குள் நின்றபடி தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார். அங்கிருந்து மூன்று நொடி என் கணக்கில் இருக்கிறது. அந்த மூன்று நொடியில் நான் நினைத்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பக்கோடா தின்றுகொண்டு நான் கத்தியது இங்கே யாருக்கும் தெரியாது. மாட்டியவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் வாயைத் திறக்காவிட்டால் இது ஒரு தினக்கூலி ஆளின் தவறு. எனக்கு ஆறு வருஷ சர்வீஸ் பாக்கி. அப்புறம் வேறெங்காவது அவருக்கு ஒரு வேலை பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். மூன்று நொடிக்குள் எவ்வளவு யோசிக்க முடிகிறது பாருங்கள். சேற்றில் ஒன்றரை நாள் தோண்டிய அந்த ஆள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“சார், நான் சொன்னபடிதான் மாட்டினாரு. சோதனையும் நான் செய்யல. செஞ்சதா எழுதி வச்சேன்,” என்றேன்.

தெரு முழுக்கக் கேட்டுவிட்டது. ரத்தக்கொதிப்புக்காரர்கூட அங்கே நின்றுகொண்டிருந்தார், பாவம்.

நான் என்ன சொன்னேன் என்று ஆணையர் கேட்டார். அம்பு தண்ணி வர்ற பக்கம் இருக்கணும் என்று சொன்னதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரியாகத்தானே சொல்லியிருக்கிறீர்கள், தெருவிலிருந்து மில்லுக்குள் தண்ணீர் வருகிறது, மில் பக்கம் என்று அர்த்தம், அதை ஏன் இவர் திருப்பி மாட்டினார் என்றார். குழிக்குள்ளிருந்து தங்கராசு முதல் தடவையாகக் கொஞ்சம் கோபத்தோடு பேசினார்.

“சார், தண்ணி தெருவுலேருந்து வருது. அப்ப தண்ணி வர்ற பக்கம் தெருப் பக்கம்தானே? அதுவுமில்லாம இது ரிட்டன் வால்வு. திரும்புற பக்கம்தான அம்பு இருக்கும்?”

அவர் சொன்னதிலும் ஒரு எழுத்துத் தவறில்லை. ஆணையர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். நிர்வாகத்தில் அவர் எடுத்த முடிவுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்து அவர் செய்ததுதான்.

“எல்லாருங் கொஞ்சம் தண்ணி வர்ற பக்கம் கை காட்டுங்க,” என்றார்.

நாற்பது கை எழுந்தது. பாதி தெருவைக் காட்டியது, பாதி மில்லைக் காட்டியது. கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் காட்டிய ஜோடிகள் அங்கேயே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். கலியமூர்த்தி, வந்தால்தானே காட்டுவதற்கு என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஜெயமணி இரண்டு பக்கமும் சேராமல் வடக்கே வயலுக்கு அந்தப் புறம் கையை நீட்டினார். என்ன இது என்று கேட்டதற்கு, தண்ணீர் கொள்ளிடத்திலிருந்துதானே வருகிறது, அதுவாவது உங்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்.

ஆணையர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. வார்த்தை குழப்பமானது என்பதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் சோதனை செய்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும் என்றார். தங்கராசுவை மேலே ஏறி வரச் சொன்னார். அன்று மத்தியானமே இரண்டு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். ஒன்று தங்கராசு பெயர் முதலில் இருந்த பட்டியல். இன்னொன்று எனக்கு மெமோ. செய்யாத சோதனையைச் செய்ததாகப் பதிவேட்டில் எழுதியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். சோம்பல் என்று ஒரே வார்த்தையில் பதில் எழுதினேன். ஸ்டோர் கிளார்க் அதைப் பார்த்துப் பதறி, ‘பணிச்சுமை காரணமாக’ என்று மாற்றிக்கொள்ளச் சொன்னார். மாற்றவில்லை. எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு அதோடு தள்ளிப்போனது. இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததற்கு அது அதிகமில்லை.

வால்வைத் திருப்பிப் போட்டோம், தொட்டிக் குழாயை மேலே தூக்கினோம், மற்ற இருபத்திரண்டையும் மறுபடி சோதித்தோம். அந்த வேலை முடிகிற வரைக்கும் தங்கராசு என்னிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. ‘பக்கம்’ என்ற சொல்லை நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. தெரு, மில் என்று பெயர் சொல்லியே பேசிக்கொண்டோம். நீங்களும் அப்படியே பேசுங்கள்.

ஆனி மாதம் நிரந்தர ஆணை வந்தது. தங்கராசு அதைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, ஒரு தடவை படித்துக் காட்டச் சொன்னார். படிக்கத் தெரியாதவர் இல்லை. இன்னொருவர் வாயால் கேட்க வேண்டும்போல இருந்திருக்கும். அவர் பெயரைப் படித்ததும் நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் மனசு கேட்கவில்லை. மில் வாசலில் அன்று ஆணையர் கேட்டபோது, வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன் என்று அவரிடம் சொன்னேன்.

தங்கராசு ஆணையை என் கையிலிருந்து வாங்கி, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“தெரியும் மேடம்,” என்றார். “அதான் குழிய விட்டு ஏறாம உங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன்.”